மவுஸைத் தொடாத மாவீரர்

ஷார்ட்கட் வீரர்னு ஒரு இனம் இருக்கு. பாட்டுப் பதிவு பண்ற ரூம்ல, கம்ப்யூட்டர் முன்னாடி, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அடையாளம் சுலபம். மேசை மேல மவுஸ் இருக்காது. அது டிராயருக்குள்ள, தீர்ந்துபோன பேட்டரிகளோட ஆயுள் தண்டனை அனுபவிக்குது.

ஐயா பாட்டு படிச்சவரா? இல்லை. தாளம் தெரியுமா? அதுவும் இல்லை. எந்த கீ வெட்டும், எது ஒட்டும், எது பெரிசாக்கும்னு சுவரு பூரா சீட்டு ஒட்டி, குளிக்கிறப்ப முணுமுணுத்து, சாப்பிடுறப்ப தட்டு ஓரத்துல விரலால தட்டிப் பழகி, பொண்டாட்டி கூப்பிட்டாக்கூட எந்த கீயை அமுக்கினா சத்தம் குறையும்னு யோசிக்கிற அளவுக்குத் தேறிட்டார். திரையைப் பார்க்க மாட்டார். பார்க்கிறவன் கத்துக்குட்டியாம். எல்லாம் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தானாம். மிச்சம் பிடிச்ச நேரத்துல? இன்னும் நாலு ஷார்ட்கட் படிப்பார்.

இப்படி ஒருத்தர்கிட்ட அவரோட அக்கா வந்தாங்க. கோரஸ்ல பத்தோட பதினொண்ணா நின்னே காலம் போனவங்க. மறுநாள் தொண்டையில ஆபரேஷன். குரல் பழையபடி வருமான்னா டாக்டரே மேல கையைக் காட்டுறார். அதுக்குள்ள தனியா ஒரே ஒரு பாட்டு, மக கேட்கிறதுக்கு.

"தம்பி, அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கினா போதும்னாங்களே?"

"அக்கா, பட்டனைத் தேடி அமுக்குறது பாமர ஜனங்க. நீ பாடு."

"மாப்ளே, எதுக்கும் ஒருதரம் பார்த்துடுங்களேன்," இது அக்கா வீட்டுக்காரர்.

"மாமா, விமானம் ஓட்டுறவன்கிட்ட போய் ரெக்கை இருக்கான்னு கேட்பீங்களா?"

பதிவுக்குப் பேர் வைக்கிறதுக்கும் ஒரு ஷார்ட்கட் உண்டு. அதைத் தட்டி 'அக்கா'ன்னு அடிச்சார். பேர்க் கட்டத்தை மூடலை. கண்ணை மூடினார். பதிவுக்கான ஆர் கீயைத் தட்டினார்.

அக்கா பாடினாங்க. எப்படி? மாமா செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நின்னு கேட்டார். அப்படி.

முடிஞ்சதும் நம்மாளு ஸ்டைலா ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி, கண்ணைத் திறந்தார். பதிவு? ஒரு கீத்துகூட இல்லை. பேர்க் கட்டத்துல 'அக்கா'வுக்கு வால் மாதிரி ஒரு ஆர். அது பின்னாடி ஒரு காலி இடம். அவ்வளவுதான் பதிவு.

"இன்னொருதரம், அக்கா..."

வாயைத் திறந்தாங்க. காத்துதான் வந்துச்சு.

விடுவாரா வீரர்? போனதை மீட்கிற ஷார்ட்கட் கைவசம் இருக்கே! தட்டினார், காலி இடம் போச்சு. தட்டினார், ஆர் போச்சு. பதறிப்போய் இன்னொண்ணு தட்டினார். 'அக்கா'வும் போச்சு.

மாமா மேசைகிட்ட வந்தார். டிராயரைத் திறந்தார். மவுஸை எடுத்து மேசையில வெச்சார். செருப்பை மாட்டிக்கிட்டு அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார்.

சிரிக்கிறீங்களா? நல்லா சிரிங்க. "ஒருதரம் பார்த்துடேன்"னு உங்க வீட்டுல கடைசியா யார் சொன்னாங்க? அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க? முதல்ல உங்க டிராயரைத் திறந்து பாருங்க.