அம்மன் சேலையும் சம்பந்தி வீட்டு நைட்டியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்தாறு வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். சாமி சம்பந்தப்பட்ட விஷயம். அதே சமயம் நைட்டி சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று பயம். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு மனசுக்குள் அவளையே கேட்டேன். (பதில் வரவில்லை. திட்டும் வரவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.) நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குண்டு. கறுப்பும்கூட. இந்த இரண்டையும் ஊருக்குத் தெரியாமல் மறைப்பதற்காகவே பாதி வாழ்க்கையைச் செலவழித்தவள். (ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?) கல்யாணமான புதிதில் ஒரு ஜவுளிக்கடையில் ஆசையாக மஞ்சள் சேலையைத் தொட்டேன். கடைக்காரர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு டார்க் கலர்தாங்க நல்லாருக்கும், உடம்பையும் கொஞ்சம் கம்மியா காட்டும்" என்றார். அன்றோடு சரி. காப்பித்தூள், சாம்பல், நனைந்த சாக்கு என்று என் பீரோவைத் திறந்தால் உள்ளே எப்போதும் மழைக்காலம்தான். ஜாக்கெட் கை முழங்கையைத் தாண்டும். அதற்கு மேல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். மே மாத வெயிலில் நான் உப்பளம் தெருவில் நடந்தால், "காய்ச்சலா?" என்று விசாரிக்காதவர்கள் கிடையாது.

நல்ல சேலை வாங்க வசதியும் இல்லை. என் வீட்டுக்காரர் வைத்திருப்பது பஞ்சர் கடை. என் ஆசையும் அவருடைய வருமானமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை.

அந்த வருஷம் ஆடி வெள்ளியன்று எங்கள் தெரு அம்மன் கோயிலில் அலங்காரம். திரை விலகியதும் எனக்குக் கும்பிடக் கை வரவில்லை. அம்மனுக்குக் கிளிப்பச்சைச் சேலை, அரக்கு பார்டர், உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை. யாரோ வேண்டுதலுக்குச் சாத்திய பட்டு. அதில் அவள் ஜொலித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கருங்கல். என் நிறம். கன்னம் நிறைய, தோள் அகலம், இடுப்பு தாராளம். அவளிடம் போய் இதுவரை யாராவது "டார்க் கலர்தான் நல்லாருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்களா? (சாமியோடு என்னை ஒப்பிட்டுவிட்டேனே என்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் ஒப்பிட்டது ஒப்பிட்டதுதான்.)

ஆடி முடிந்ததும் அம்மனுக்குச் சாத்திய சேலைகளையெல்லாம் கோயிலில் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் போகிற விலைக்குக் கடையில் ஜாக்கெட் துணிதான் கிடைக்கும். கிளிப்பச்சை வந்ததும் நான் தூக்கிய கையை இறக்கவே இல்லை. மற்றவர்கள் கேட்பதற்காக ஏலம் விடுகிறவர் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடைவெளியில் நானே என் விலைக்கு மேல் ஒரு விலை கேட்டேன்.

"யக்கா, உன்னோட நீயே இன்னாத்துக்கு போட்டி போடற? கைய இறக்கு, சேலை உனக்குத்தான்" என்றார். கூட்டமே சிரித்தது.

பூசாரி சேலையைக் கையில் கொடுக்கும்போது எல்லாருக்கும் சொல்வதை எனக்கும் சொன்னார். "அம்மா கட்னது. கட்டிக்கினு கவுச்சி தொடாதீங்க." கவுச்சி என்றால் மீன், கறி, முட்டை எல்லாம்தான். நானும் பயபக்தியோடு தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் குவியலைக் கிளறி ஜாக்கெட்டுக்கு அரக்கு நிறத் துண்டுத்துணி ஒன்றைப் பிடித்தேன். கூடவே கல் வைத்த தோடு ஒரு ஜோடி. டெய்லர் வழக்கம்போல "கை முட்டிக்குக் கீழதானேம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா, அளவா வை. உடம்பையும் பிடிச்சாப்ல தை" என்றேன். அவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் வீட்டில் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும். ஆகவே நான் என்னைத் தவணை முறையில்தான் பார்த்தேன். தரையில் நின்றால் முகம், ஸ்டூலில் ஏறினால் இடுப்பு, கட்டிலில் ஏறினால் கொசுவம். ஒவ்வொரு தவணையும் நன்றாகத்தான் இருந்தது. மொத்தமாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் ஆண்டவனிடம் விட்டுவிட்டேன்.

இதெல்லாம் எதற்காக என்றால், என் மகன் சதீஷுக்காக. அவனும் பவித்ராவும் ஒரே லேபில் வேலை பார்த்து ஒருவரையொருவர் விரும்பினார்கள். நாங்கள் பூர்வீகத்தில் வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர்கள் பிள்ளைச்சாவடியில் கடலுக்குப் போகிறவர்கள். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எப்படியோ பேசிச் சரிக்கட்டி, தேதி குறிப்பதற்கு முன்னால், "ஞாயித்துக்கிழம குடும்பத்தோட சாப்பிட வாங்க" என்று பெண் வீட்டில் கூப்பிட்டார்கள். நல்ல காரியம் பேசப் போகிற இடத்தில் சைவம்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஒரு முடிவில்தான் எல்லாம் கெட்டது.

கிளிப்பச்சையில் நான் வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியைத் துடைப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நல்லாருக்கடி" என்றார். பிறகு குனிந்து வண்டியின் பின் டயரை அழுத்திப் பார்த்தார். (தொழில் பழக்கம். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயந்திரம்தான் எடுத்துக்கொண்டேன்.)

பெண்ணின் அம்மா அஞ்சலாட்சி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் கூடை சுமந்து இறுகின உடம்பு. கம்பு மாதிரி இருப்பார். "இன்னா கலரு சம்மந்தி! உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குது. எங்க எடுத்தீங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் சேலையைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார் வசந்தா முந்திக்கொண்டாள். "எங்க அண்ணி காஞ்சிபுரம் நேரா போய் தறியிலதான் எடுப்பாங்க. கடை சேலையெல்லாம் கட்ட மாட்டாங்க." அவளுக்கும் உண்மை தெரியாது. எங்கள் கௌரவத்தை உயர்த்துகிறாளாம். நான் சிரித்து வைத்தேன்.

உள்ளே காலை வைத்ததும் வாசனை வந்தது. வஞ்சிரம் வறுவல், சங்கரா குழம்பு, இறால் தொக்கு, சுறா புட்டு. பெண்ணின் அப்பா பெருமையாகச் சொன்னார். "ராவெல்லாம் கடல்லதான் சம்மந்தி இருந்தேன். கரையில வெல குடுத்து வாங்கி உங்களுக்குப் போட மனசு வரல. எல்லாம் நானே புடிச்சது."

நான் மீன் சாப்பிடாதவள் அல்ல. மீன் என்றால் முள்ளைக்கூட யோசித்துத்தான் கீழே வைப்பேன். ஆனால் மேலே இருப்பது அம்மன் சேலை. ஆறு கஜமும் என்னைச் சுற்றி நின்று, "தொடாதே" என்றது.

இலையில் வஞ்சிரம் விழுந்தது. தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு. "எனக்கு வெறும் மோர் சோறு போதுங்க, வயிறு சரியில்ல" என்றேன்.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் உண்மையான அக்கறையோடு, "காலையில ஆறு இட்லி நல்லாத்தானே சாப்ட்ட?" என்றார்.

"இன்னிக்கு... விரதம்."

"ஞாயித்துக்கிழம இன்னா விரதம் அண்ணி?" என்றாள் வசந்தா, இறாலைச் சவைத்துக்கொண்டே.

பெண் வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. அதுவும் கடல்காரர் வீட்டில், அவர் கையால் பிடித்த மீனை நான் ஒதுக்கினால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. நான் கனவிலும் நினைக்காத அர்த்தம். அஞ்சலாட்சியின் முகத்தில் அது ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன்.

"எங்க வூட்டு மீனு நாறுதா சம்மந்தி?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெண்ணின் அப்பா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். சமையல்கட்டு நிலைப்படியில் பவித்ரா தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றாள். சதீஷ் என்னைப் பார்த்தான். குழந்தையாக இருந்தபோது ஜுரத்தில் கிடந்து ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறான்.

உண்மையைச் சொன்னால், மகன் விசேஷத்துக்கே ஏலச் சேலை கட்டி வந்தவள், அதற்குக் காஞ்சிபுரம் என்று வேறு பெருமை பேசியவர்கள் என்று ஆகும். சொல்லாவிட்டால் பிள்ளையின் கல்யாணம் போகும். அம்மனை நினைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். கத்தலாக வந்துவிட்டது.

"இது அம்மன் சேலைங்க! கோயில் ஏலத்துல எடுத்தேன்! காஞ்சிபுரம் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாது! இதைக் கட்டிக்கினு எப்படிங்க நான் வஞ்சிரம் தின்றது?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வசந்தா இறாலை விழுங்க மறந்தாள். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி இலையில் இருந்த சோற்றில் உப்பு சேர்ந்தது.

அஞ்சலாட்சி என் முந்தானை நுனியை எடுத்தார். கிழிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மா கட்னதா? அடிப் பாவி, இதை வாசல்லயே சொல்றதுக்கு இன்னா? ஒரு நிமிஷத்துல என் புருஷன அழ வெச்சிட்டியே! எழுந்திரு." சம்பந்தி என்பது போய் 'எழுந்திரு' வந்துவிட்டதில் எனக்கு உயிர் வந்தது.

உள்ளே கூட்டிப்போய்ச் சேலையை அவிழ்க்கச் சொல்லி, மடித்து, சாமி அலமாரியில் வைத்துப் பூவும் வைத்தார். அவருடைய சேலை ஒன்றைக் கேட்டேன். "என் பொடவையெல்லாம் இன்னிக்கு ஊறப் போட்டுட்டேன். விருந்துக்கு நான் கட்டிக்கினு இருக்கற இந்தப் பட்டு ஒண்ணுதான் மிச்சம். இந்தா" என்று ஒரு நைட்டியை நீட்டினார். ஊதாவில் பெரிய பெரிய சூரியகாந்திப் பூ. கம்பு மாதிரி இருக்கிறவரின் நைட்டி. தலை நுழைந்தது. தோள் நுழைந்தது. வயிற்றுக்கு வந்ததும் சூரியகாந்திகள் எல்லாம் நன்றாக மலர்ந்தன.

"நான் வெளிய வர மாட்டேன்" என்றேன். போர்த்திக்கொள்ளத் துண்டு கேட்டேன். கிடைத்த துண்டு ஒரு தோளை மூடினால் மறு தோளுக்கு வரவில்லை. இத்தனை வருஷம் கொசுவத்துக்குள்ளும் முந்தானைக்குள்ளும் ஒளித்து வைத்த உடம்பு, வருங்கால மருமகள், மகன், ஆம்பிளைகள் எல்லாரும் இருக்கிற கூடத்துக்கு அப்படியே போக வேண்டும்.

அஞ்சலாட்சி என்னைப் பார்த்தார். "உடம்புன்னு ஒண்ணு இருந்தா தெரியத்தான் செய்யும். அதுக்கு இன்னா இப்ப? இரு, நானும் மாத்திக்கினு வரேன். எனக்கும் இந்தப் பட்டு வேர்க்குது" என்று தன் சேலையையும் அவிழ்த்துவிட்டு இன்னொரு நைட்டியை மாட்டிக்கொண்டார். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தோம். முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான். வாசலிலிருந்து திரும்பி வந்து, கரண்டியை எடுத்து, என் இலையில் மறுபடியும் வஞ்சிரத்தைப் போட்டார்.

வசந்தா என்னையும் பார்த்தாள், தன் இறுக்கமான பட்டு ஜாக்கெட்டையும் பார்த்தாள். "இன்னொண்ணு இருக்குதா?" என்றாள்.

அன்று நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பதை எழுதப்போவதில்லை. நைட்டி தாங்கியது என்று மட்டும் சொல்கிறேன். சாப்பிட்டு முடிந்த கையோடு தேதி குறித்தார்கள். போர்த்திக்கொள்ளாமல் நான் உட்கார்ந்திருந்தது தேதி குறித்தாகிவிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. துண்டு எங்கே போனதோ தெரியாது, தேடவும் இல்லை.

பவித்ரா இப்போது எங்கள் வீட்டு மருமகள். எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது, "எனக்குச் சோறு வேணாம்" என்று சிணுங்கினால் போதும், "நைட்டி கொண்டாரவா?" என்று ஒரு குரல் வரும். பேத்தி பேச ஆரம்பித்ததும் பருப்புச் சோற்றைத் தள்ளிவிட்டு அவளாகவே, "நைட்டி?" என்று கேட்டாள். வருஷா வருஷம் ஏலத்துக்கு அஞ்சலாட்சியும் வருகிறார். எனக்கு மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று எடுத்துத் தருவது அவர்தான். வாரத்தில் சேலைக்கு நாலு நாள், மீனுக்கு மூன்று நாள் என்று பிரித்து வைத்திருக்கிறேன். மீன் நாளில் சந்தைத் துணியில் நானே சொல்லித் தைத்த சுடிதார், அதுவும் பளிச்சென்று.

உங்களில் யாராவது முந்தானைக்குள் காய்ச்சல்காரி மாதிரி நடந்துகொண்டிருக்கிற பெண்ணைப் பார்த்தால், இதை அவளுக்குச் சொல்லுங்கள். அம்மன் மேல் ஆணை, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வசந்தா சொல்லும்போது நைட்டி பட்டுச்சேலையாக மாறிவிடுகிறது, என் வீட்டுக்காரர் சொல்லும்போது இட்லி பன்னிரண்டாகிவிடுகிறது. நீங்கள் எதையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். சேலை கிளிப்பச்சை, மீன் வஞ்சிரம், பூ சூரியகாந்தி. முக்கியமாக, கதை நன்றாக இருக்கட்டும் என்று என்னை மட்டும் இளைக்க வைத்துவிடாதீர்கள்.