சம்பந்தி அரை டிராயரில் ஆடிய விவரம்

அடுகோடி,
பெங்களூரு.
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா ஜகதாம்பாள் அவர்களுக்கு,

சுந்தரத்தின் பணிவான வணக்கங்கள். இங்கு நானும் ராதாவும் நலம். தங்கள் கணவரும் நலம். அவரும் இங்கேதான் இருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்திபெலேயில் தங்கள் நலத்தையும், வாசலில் தாங்கள் வளர்க்கும் செம்பருத்தியின் நலத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் கோபத்தின் அளவையும் அறிய ஆவல். போனில் கூப்பிட்டால் போதாதா, எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு முறை வராது. நானோ பெண்ணைக் கொடுத்தவன், இடைமறித்துப் பேசுவதும் மரியாதை இல்லை. கடிதம் என்றால் தாங்கள் பாதியில் கிழித்துப் போடலாமே தவிர, குறுக்கே பேச முடியாது.

விஷயம், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தப் படம். அன்னாசிப்பழம் போட்ட அரை டிராயரும் கிளிப்பச்சைப் பூச்சட்டையுமாக, கடற்கரை மணலில் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து ஆடிக்கொண்டிருப்பவர் தங்கள் கணவரேதான். மறுப்பதற்கில்லை. அந்தப் படத்துக்குத் தாங்கள் பதிலாக ஒற்றைக் கட்டைவிரலை அனுப்பினீர்கள். நான் அதை நல்ல சேதி என்றுதான் நினைத்தேன். சம்பந்தி அதைப் பார்த்து வெளுத்துப்போய், "ஜகதா திட்டினா பரவாயில்லைங்க. கட்டைவிரல் காட்டினா அர்த்தமே வேற" என்றார். ஊர் திரும்பியதும் அத்திபெலே பஸ்ஸைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நேரே என் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவர்தான். "நாளைக்குப் போறேன்" என்கிறார். அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ரங்காவைத் தங்களுக்குத் தெரியும். பொதுப்பணித் துறையில் என்னோடு வேலை பார்த்தவன், நம் சௌம்யா கல்யாணத்தில் பந்தியில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தானே, அவன்தான். என்னை எப்போதும் 'குரு' என்றே கூப்பிடுகிற அவன் ஒருநாள் செல்போனும் கையுமாக வந்து, "குரு, மலேசியா போலாம். கோலாலம்பூர்ல ரெண்டு நாளு, அப்புறம் லங்காவி தீவு. எல்லாம் சஸ்தா, காசு கம்மி. நான் பாத்துக்கறேன், நீ சும்னே கூட வா" என்றான். அந்த நேரம் பார்த்துத் தங்கள் கணவர், விடுமுறைக்கு இங்கே வந்திருந்த பேரப்பிள்ளைக்கு முறுக்கு கொடுக்க வந்திருந்தார். வீட்டுக்கு வந்த சம்பந்தியை வைத்துக்கொண்டு மற்றவனோடு ஊர் சுற்றுவதைப் பேசுவது மரியாதையா? ஆகவே, "நீங்களும் வாங்களேன் சம்பந்தி" என்றேன். இது உபசாரத்துக்குச் சொல்வது. "இருக்கட்டுங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்று பதில் வரவேண்டும்; உலக வழக்கம் அதுதான். தங்கள் கணவர் முறுக்குப் பையைக் கீழே வைத்துவிட்டு, "எப்போ கிளம்பறோம்?" என்றார். உள்ளே காபி கலந்துகொண்டிருந்த ராதாவின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரும் நானும் பேசியதெல்லாம் "சாப்டீங்களா", "டிராஃபிக் எப்படி", "நம்ம பக்கம் மழை உண்டா" என்ற மூன்று விஷயங்கள்தாம். இந்த மூன்றும் விமானம் ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டன. மீதி வழியெல்லாம் அவர் ஜன்னலையும் நான் இருக்கையில் செருகியிருந்த அட்டையையும் பார்த்துக்கொண்டே போனோம். நடுவில் உட்கார்ந்த ரங்கா இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து தூங்கினான்.

கோலாலம்பூரில் ரங்கா பிடித்து வைத்திருந்த இடத்தை ஹோட்டல் என்றுதான் சொல்லியிருந்தான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே பெரிய அறை, ரயில் பெட்டி மாதிரி அடுக்குக் கட்டில்கள், எல்லாவற்றிலும் காதில் வளையம் போட்ட பிள்ளைகள். "குரு, தூங்கத்தானே போறோம், ரூம் எதுக்கு?" என்றான் ரங்கா. தனக்கு ஓரமாக ஒரு கீழ்க்கட்டிலைப் பிடித்துக்கொண்டு போர்வைக்குள் போய்விட்டான். எங்கள் இருவருக்கும் ஒரு மேல்தட்டு, ஒரு கீழ்த்தட்டு. இங்கேதான் தர்மசங்கடம். கீழே படுத்தால் வசதி. ஆனால் நான் மேலே ஏறினால் மாப்பிள்ளையின் அப்பாவின் தலைக்கு மேல் என் கால். பெண் வீட்டுக்காரன் செய்கிற காரியமா அது? "நீங்க கீழ படுங்க சம்பந்தி" என்று சொல்லவும் முடியவில்லை, "மேல படுங்க" என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு முட்டிவலி, நீங்க கீழயே இருங்க" என்று சொல்லி, தமக்கும் முட்டிவலி என்பதை மறந்து, ஏணியைப் பிடித்து ஏறிவிட்டார். ஏறினாரே தவிர இறங்கத் தெரியவில்லை. காலையில் நான் பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால் சம்பந்தி மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கோயில் கோபுரத்துப் பொம்மை மாதிரி. "என்ன சம்பந்தி, தியானமா?" என்றேன். "இல்லைங்க, இறங்கணும்" என்றார், ரகசியமாக. கடைசியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் நானுமாக ஆளுக்கொரு காலைப் பிடித்து இறக்கினோம். தங்கள் கணவரின் பாதத்தை நான் தொட்டது கல்யாணத்தன்று நமஸ்காரம் பண்ணியதற்குப் பிறகு அன்றுதான்.

அந்த ஊர் வெளிநாடாகவே இல்லை; நம் சிவாஜிநகர் மாதிரி பாதிப்பேர் தமிழ் பேசுகிறார்கள். முருகனைப் பார்த்தோம், இரட்டைக் கோபுரக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டோம், பிறகு பஸ்ஸிலும் பெரிய படகிலுமாக லங்காவிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் பை மாறிப்போனது. படகுத்துறையில் எல்லாப் பைகளையும் குவித்து வைத்திருந்தார்கள். ரங்கா ஓடிப்போய் நீலப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார் பை கெடச்சாச்சு, நடங்க நடங்க" என்றான். அறைக்குப் போய்த் திறந்தால் உள்ளே தவளைக்கால் மாதிரி இரண்டு ரப்பர் செருப்பும், கண்ணுக்குப் போட்டுக்கொள்ளும் ஒரு கண்ணாடிப் பெட்டியும், ஈரத் துண்டும். தாங்கள் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அனுப்பிய அத்தனை வேட்டி சட்டையும், கூடவே தாங்கள் அரைத்துக் கொடுத்த பருப்புப் பொடியும், கடலுக்கடியில் முங்கிப் பார்க்க வந்த எவனோ ஒருவனிடம் போய்விட்டன. (பை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வேட்டி மடிப்புக் கலையவில்லை. பொடி டப்பா மட்டும் பாதி காலி. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.)

இப்படியாகத்தான் சம்பந்தியம்மா, அந்த அன்னாசிப்பழ டிராயர் வந்தது. போட்டிருந்த உடுப்பு மழையில் நனைந்துவிட்டது, அந்தக் கடைத்தெருவில் முழுக்கால் சட்டை என்ற பொருளே இல்லை. "இதப் போட்டுக்கிட்டு வெளிய வரமாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டவரை ரங்காதான், "சார், இங்க உங்க ஸ்டூடண்ட் யாரு இருக்காங்க? வாங்க சார்" என்று வெளியே இழுத்தான். வாசலைத் தாண்டியதும் "வணக்கம் சார்!" என்று ஒரு குரல். ஓசூரில் அவரிடம் பூகோளம் படித்த பையன், அங்கே ஏதோ ஹோட்டலில் வேலையாம். சம்பந்தி அன்னாசிப்பழத்தை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "நல்லா இருக்கியாப்பா?" என்றார்.

மறுநாள் தீவு தீவாகக் கூட்டிப்போகும் படகு. இருந்ததிலேயே சின்னப் படகைத்தான் ரங்கா பேசியிருந்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கரையை விட்டுக் கிளம்பினதிலிருந்து சம்பந்தி பாடம் நடத்திக்கொண்டே வந்தார். இது அந்தமான் கடல், அந்தப் பக்கம் மலாக்கா ஜலசந்தி, பருவக்காற்று இப்படி வந்து அப்படித் திரும்பும் என்றெல்லாம். அட, மனுஷர் கடலைக் கரைத்துக் குடித்திருக்கிறாரே என்று நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தீவுகளுக்கு நடுவே எஞ்சின் இருமியது, நின்றது. படகுக்காரன் ஒரு முறை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து வேறொரு படகைக் கூப்பிட்டான். அவன் பதறவில்லை. அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது, அலை தூக்கிப் போட்டது, பாடம் சட்டென்று நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் சம்பந்தியின் முகத்தில் ரத்தம் இல்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டேய் சுந்தரம், கைய விட்றாதடா."

நான் என்ன செய்வேன் சம்பந்தியம்மா? யோசிக்க நேரம் இருந்தால் "விடமாட்டேங்க சம்பந்தி" என்று சொல்லியிருப்பேன். வாயில் வந்தது வேறு.

"விடமாட்டேண்டா ஸ்ரீகண்டா. நல்லா புடிச்சுக்கோ."

அப்புறம் அவர் சொன்னதைத் தங்களிடம் சொல்லலாமா கூடாதா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "எனக்கு எதாவது ஆச்சுன்னா ஜகதாவைப் பாத்துக்கோடா. அவ எத்தனையோ தடவை மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருக்கா. அங்க என்ன இருக்கு, வெறும் தண்ணின்னு சொல்லிருவேன். எனக்குத் தண்ணின்னா பயம்டா. உலகத்துல இருக்கிற அத்தனை சமுத்திரத்தையும் பலகையில வரைஞ்சவன், பயம்னு எப்படிச் சொல்வேன்? வெக்கமா இருந்துச்சு" என்றார். மழையில் அழுகிறாரா நனைகிறாரா என்று தெரியவில்லை. நானும் நனைந்துதான் இருந்தேன். எங்களுக்குப் பின்னால் ரங்கா, "ஏனு ஆகல்லா, ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லிக்கொண்டே தன்னுடைய மிதவைச் சட்டைக்கு மேல் இன்னொரு மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

வேறு படகு வந்தது. கயிறு போட்டு இழுத்துப் போனார்கள். கரை தட்டியதும் முதலில் குதித்தவர் தங்கள் கணவர். மணலில் கால் பட்டதும் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார், சிரித்தார், பக்கத்துக் கடையில் ஏதோ மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆடிவிட்டார். தாங்கள் பார்த்த படம் அந்த ஆட்டம்தான். பெற்ற பிள்ளை கல்யாணத்தில் எல்லாரும் இழுத்தும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷர், உயிரோடு இருப்பதற்காக ஆடினார். ரங்கா என் போனில் படம் பிடித்தான். அதை அவன் எங்கே அமுக்கினானோ, நேரே நம் குழுவில் போய் விழுந்தது.

அதற்கப்புறம் எங்கள் பாடு பெரும்பாடு. "டேய்" என்று கூப்பிட்டபின் மறுபடி "நீங்க" என்று எப்படிச் சொல்வது? "நீ" என்றும் எப்படிச் சொல்வது? திரும்பி வரும் வழியெல்லாம் ஆள் இல்லாத தமிழிலேயே பேசினோம். "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "கிளம்பலாமா?" "கிளம்பலாம்." "பை எடுத்தாச்சா?" "எடுத்தாச்சு." தமிழில் எவ்வளவு தூரம் எவரையும் கூப்பிடாமலே போக முடிகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கோலாலம்பூரில் கடைசியாகச் சாப்பிடப் போன தமிழ்க்கடையில், பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். நான் "சம்பந்தி" என்றேன். அதே சமயம் தங்கள் கணவர் "சிநேகிதன்" என்றார். பிறகு இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். எனக்குக் குழம்பு காரம், கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆகவே சம்பந்தியம்மா, குற்றம் என்று இருந்தால் அது ரங்காவுடையது, கடலுடையது, அந்த எஞ்சினுடையது. தங்கள் கணவர் நிரபராதி. டிராயரை ராதா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். தாங்கள் உத்தரவிட்டால் எரித்துவிடுகிறோம். பெரிய மனது பண்ணி ஒரு வார்த்தை, கட்டைவிரல் அல்ல, ஒரு வார்த்தை எழுதி அவரை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளவும். மாப்பிள்ளை பரத்துக்கும் சௌம்யாவுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் வீட்டுச் சாமி அறையில் ஏற்றும் விளக்கில் எங்களுக்காகவும் ஒரு திரி போடும்படி வேண்டிக்கொண்டு,

என்றும் தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சுந்தரம்.

பின்குறிப்பு: மேலே எழுதியது முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டு இதை மட்டும் படிக்கவும். உறையை ஒட்டுவதற்கு ராதாவிடம் பசை கேட்டேன். யாருக்கு, என்ன என்று வாங்கிப் படித்தவள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரங்கா தன் பெண்டாட்டிக்கு அனுப்பிய வீடியோ ஒவ்வொன்றும் அன்றன்றே அவள் வழியாகத் தங்களுக்கும் ராதாவுக்கும் வந்துவிட்டதாம். அடுக்குக் கட்டிலில் இருந்து இறக்கியது உட்பட. தங்கள் கணவருக்குத் தண்ணீரென்றால் பயம் என்பது தங்களுக்குக் கல்யாணமான வருஷமே தெரியுமாம். கட்டைவிரலுக்கு அர்த்தம் "பிரமாதம்" என்பதாம். நேற்றுத் தாங்கள் ராதாவிடம், "அவர் இன்னும் ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும் ராதா, வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா" என்று சொன்னதாகவும் அறிந்தேன். சம்பந்தியம்மா, இது நியாயமா? மனுஷர் காலையிலிருந்து எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு, ரசத்துக்குப் புளி கரைப்பது எப்படி என்று ராதாவுக்குப் பாடம் எடுக்கிறார். மன்னிக்க வேண்டாம், தயவுசெய்து வந்து கூட்டிக்கொண்டு போங்கள். இதை எழுதும்போதே ராதா உள்ளே பெட்டி கட்டும் சத்தம் கேட்கிறது. அவர் பெட்டியா, தன் பெட்டியா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.