கதவில்லாத ஜீப்பும் உங்கள் மாப்பிள்ளையும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊரே குறட்டை விடும் நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் எழுதினால் உங்கள் மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பார். போனில் சொன்னால், சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, அவருக்கு உண்டு. நீங்களும் அண்ணியும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நன்றாக ஓடிய காரை விற்றுவிட்டு, எந்தக் காலத்திலோ பட்டாளத்தில் ஓடிய பச்சை ஜீப் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். கதவு இல்லை, பெல்ட் இல்லை, சாவி எங்கே என்றால் அதுவும் இல்லையாம். "சுவிட்சைத் திருகினா போதும்மா. சண்டை நடுவுல சாவியைத் தேடிட்டு இருப்பானா?" என்கிறார். திருட்டு வண்டியோ என்று எனக்குச் சந்தேகம். பக்கவாட்டில் மண்வெட்டியும் கோடரியும் வார் போட்டுக் கட்டியிருக்கின்றன. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகிற மனிதருக்குக் கோடரி எதற்கு அண்ணா? யாரை வெட்ட, எங்கே புதைக்க? சீட்டுகளுக்கு நடுவே துப்பாக்கி மாட்டுகிற இரும்புத் தூண் வேறு. "பாப்பாவோட பால் பையை மாட்டிக்கலாம்ல!" என்று எனக்குச் சமாதானம்.

முன் பம்பரில் ஆள் உயரத்துக்கு இன்னொரு கம்பம், உச்சியில் கொக்கி. எதிரி ரோட்டின் குறுக்கே கம்பி கட்டியிருந்தால் அறுத்துவிடுமாம். எங்கள் தெருவில் எந்த எதிரி வந்து கட்டப்போகிறான்? வீட்டுக்கார அம்மாதான் கட்டியிருந்தார், துணி காயப்போட. நேற்று வண்டியை உள்ளே விட்டாரா, கொடி அறுந்தது. அந்த அம்மாவின் பூப்போட்ட நைட்டி கொக்கியில் மாட்டி, அதுவே கொடியாகப் பறந்தது. "உங்க வீட்டுக்காரர் யார் மேலம்மா படையெடுத்துக் கிளம்பிட்டாரு?" என்று அவர் கேட்டபோது நான் பாப்பாவின் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதெல்லாம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை இதில் உட்கார வைத்து மலைப்பாதையில் ஏறப்போகிறாராம்! "குண்டு விழுந்த எடத்துலயே போன வண்டி இது" என்கிறார். "வண்டி போச்சு சரி, அதுல போனவங்க திரும்பி வந்தாங்களா?" என்று நான் கேட்டதும் டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். நடக்கவே தெரியாத குழந்தை அண்ணா, ஒரு திருப்பத்தில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? சனிக்கிழமைக்குள் உங்கள் பட்டறை லாரியைக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் கயிறு கட்டி இழுத்துப் போய்விடுங்கள். நம் குடும்பத்தில் நிதானமானவர் நீங்கள் ஒருவர்தான்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம்.

உங்கள் தங்கை

பி.கு.: காலையில் தபாலில் போட எடுத்தால், முதல் பக்க ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் தடம். என்னுடையது அல்ல. வாசலில் ஜீப்பும் இல்லை, அவரும் இல்லை. அவர் போனும் உங்கள் போனும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த எஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கும்! அண்ணி போனுக்கு அடித்தேன், எடுத்தார்கள். "மாப்பிள்ளை விடியக்காலைல வந்து ஹாரன் அடிச்சாரு. உங்கண்ணன் பல்லுகூட வெளக்காம ஏறிட்டாரு. ரெண்டு பேரும் விசிலடிச்சிட்டு மலைப்பக்கம் போயிருக்காங்க" என்றார்கள். நிதானமானவர் என்று எழுதியதை அடித்துவிட்டேன். கதவும் பெல்ட்டும் உங்கள் பட்டறையிலேயே பொருத்திய பிறகுதான் அந்த வண்டி என் வாசலுக்கு வர வேண்டும். அதுவரை பாப்பா என் இடுப்பைவிட்டு இறங்க மாட்டாள். இரண்டு பேரும் முழுசாக இறங்கிவிட்டீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.