முருகைக்கல் குடில்

பெண் கேட்கப் போகிறவனுக்கு மூளை கொஞ்சம் மழுங்கும். எனக்கு மூக்கும் சேர்ந்து அடைத்திருந்தது.

அந்த நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, வங்காலையில் பிலோமினாவின் வீட்டில் எங்கள் கல்யாணப் பேச்சை முடிவு செய்வதாக இருந்தது. அதற்கு முன் பங்குச் சுவாமி வந்து, இயேசு பாலனுக்கு வீட்டில் கட்டும் பாலன் குடிலை ஜெபித்து மந்திரிப்பார். "குடிலை என்னட்ட விடுங்கோ மாமா" என்று அவளுடைய அப்பாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வைக்கோலும் கடதாசி மலையும் எனக்குக் கேவலமாகப் பட்டன. கடலடியில் மேடாய்க் கிடக்கும் பாருக்குப் போய், மூச்சடக்கிச் சுழியோடி, கொப்புக் கொப்பாய் நின்ற முருகைக்கல்லை (புத்தகத்தில் பவளம் என்பார்களே, அதுதான்) உடைத்துச் சாக்கு நிறைய அள்ளி வந்தேன். காய்ந்த முருகைக்கல்லை மதிலிலும் சுண்ணாம்புச் சூளையிலும் கண்டு வளர்ந்தவன். வெறும் கல் என்றே நினைத்தேன். ஊதா, இளம்பச்சை என்று குடில் மின்னியது. ஊரே வந்து பார்த்தது. (பாதிப் பேரை நான்தான் இழுத்து வந்தேன்.)

மறுநாள் வீட்டில் ஒரு வாடை. எலி செத்துக் கிடக்கிறதென்று மாமா அலுமாரியை நகர்த்தினார். நான் பாவம், நாயைப் பிடித்துக் குளிப்பாட்டினேன்.

அதற்கடுத்த நாள் சுவாமி வந்தபோது நிறமெல்லாம் போய், கல்லிலிருந்து சளி வடிந்து குடிலில் வைத்திருந்த செம்மறி ஆட்டுப் பொம்மையின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. "பிதா, சுதன்..." என்று தொடங்கியவர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பிலோமினா ஒரு கொப்பைத் தூக்கினாள். இடுக்கிலிருந்து நகமளவு நண்டுகளும் மீன்குஞ்சுகளும் செத்து விழுந்தன.

"இது கல்லில்லை, உயிர்." கொப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாலனுக்குத் தங்க இடமில்லையெண்டுதானே குடில் கட்டுறம்? அதுக்கு இதுகளின்ர வீட்டை உடைச்சுக்கொண்டு வந்திருக்கிறியளே!"

மாமா சத்தம் போடவில்லை. "எந்தப் பாரில எடுத்தனீர் தம்பி?"

"நீங்கள் மீன்கூடு வைக்கிற பாரில..."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கொப்புக்குள்ளதான் மீன் ஒதுங்கிறது. எங்கட சோறே அதுதான். கல்யாணக் கதையை அடுத்த நத்தாருக்குப் பாப்பம்."

ஐயோ, வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. சாக்கோடு அள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தேன். அடுத்த வருடம் கடதாசியில் குடில் கட்டித்தான் அவளைக் கைப்பிடித்தேன்.

இப்போதும் நத்தார் வந்தால் என் பிள்ளைகள் குடிலுக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். "அப்பா, இந்த முறை என்ன நாறப்போகுது?" பிலோமினா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஆனால் வள்ளம் அந்தப் பாருக்கு மேலால் போகும்போது குனிந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பிள்ளைகள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். நான் உடைத்த இடம் இன்னும் மொட்டையாகத்தான் கிடக்கிறது.