பிஷப்புக்கு முன்னால் நின்ற சிப்பாய்

உலகத்தில் யார் முன்னேறினாலும் தாங்கிக்கொள்ளலாம். சகலை முன்னேறினால் மட்டும் வயிறு எரியும். மனைவியின் அக்காளைக் கட்டியவர் என்பதைத் தவிர மோகன் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. ஆனால் அவருக்குச் செஸ் தெரியும்.

மாமனாருக்குச் செஸ் என்றால் உயிர். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனால், மோகனைக் கண்டதும் பலகையை விரித்துவிடுவார். வெட்டுப்பட்ட காய்களை ஓரமாக அடுக்கி வைப்பது என் வேலை. (போனைப் பிரித்துப் பூட்டுகிற கைக்கு இந்த வேலை தேவையா?) கிளம்பும்போது மோகனின் தோளில் கை போட்டு ரோடு வரைக்கும் வருவார். எனக்கு வாசலிலேயே ஒரு தலையாட்டல். ஒரு ஞாயிறு அப்படித் திரும்பும்போது, நானும் செஸ் படிப்பதென்று தீர்மானித்தேன்.

பெரகல சந்தியிலுள்ள என் போன் கடையில் அந்த வாரம் ரிப்பேர் நடக்கவில்லை, யூடியூப்தான் நடந்தது. வெள்ளைக் காய் கிடைத்தால் முதலில் எதை நகர்த்துவது? ராஜாவுக்கு முன்னாலுள்ள சிப்பாயைத் தள்ளினால் சண்டை சீக்கிரம் சூடு பிடிக்குமாம். ராணிக்கு முன்னாலுள்ளதைத் தள்ளினால் நிதானமாக ஆடலாமாம். இதெல்லாம் மோகனுக்கு அத்துப்படியாக இருக்குமே. அதனால் யாருமே தொடங்காத விதத்தில் தொடங்க முடிவு செய்தேன். யாரும் ஏன் அப்படித் தொடங்குவதில்லை என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

அடுத்த ஞாயிறு, "இன்னைக்கு நான் சகலையோட ஆடுறேங்க மாமா. வெள்ளை எனக்கு" என்றேன். மாமாவின் முகம் மலர்ந்தது. என் மனைவி கலா மட்டும் சந்தேகமாகப் பார்த்தாள். அத்தை டீ போடப் போனார்.

பலகையை நெடுநேரம் முறைத்துவிட்டு, ராஜாவுக்குப் பக்கத்திலிருந்த பிஷப்பின் முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மோகன் திகைத்துப்போனார். (அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அந்தத் திகைப்புதான்.) அவர் தன் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயைத் தள்ளினார். நான் உற்சாகம் தாங்காமல், அந்தப் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நின்றதை இரண்டு கட்டம் பாயவிட்டேன்.

மோகன் பலகையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு ராணியைக் குறுக்காக இழுத்து ஓரத்தில் வைத்தார்.

"சகல, செக்மேட்டுங்க" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

என் ராஜாவுக்கு ஒதுங்க ஒரு கட்டம்கூட இல்லை. சுற்றிலும் அவனுடைய ஆட்களே அடைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தை டீயோடு வந்து, ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள் கலா.

மாமா இருமல் வரும்வரை சிரித்தார். "இதப் புத்தகத்துலதான் பாத்திருக்கேன் தம்பி. நேர்ல காட்டுனது நீங்கதான்."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது சட்டென்று முடிந்தாலும் அதற்கு என் பெயர்தான். மழை வந்த வேகத்தில் விட்டால்கூட, "மாப்பிள்ளை ஆட்டம்" என்பார் அத்தை.

இப்போது என் மகளும் ஆடுகிறாள். போன மாதம் பதுளையில் பள்ளிக்கூடப் போட்டி. வெள்ளைக் காய் வந்தால் எப்படித் தொடங்குவது என்று முந்தைய நாள் பெரியப்பா மோகனிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்ற அப்பன் நான் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனே என்று பொறுக்க முடியாமல், ஒரு யோசனை சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "வேணாம்ப்பா. நான் ஜெயிக்கணும்."