மூன்று துறையும் ஒரு படமும்

மடுல்கெல்ல மலையில் காதலன் நின்று அழுதுகொண்டிருந்தபோது, புவியியல் துறைத் தலைவர் சேதுராமன் படப்பிடிப்பை நிறுத்தினார். அந்தச் சரிவு கிழக்குப் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்து அழுதால் அவனுக்கு மாலைச் சூரியன் தெரியவே தெரியாது என்றார். காதலன் மேற்கே திரும்பி, கமராவுக்கு முதுகைக் காட்டி அழுதால் தனக்கு ஆட்சேபம் இல்லையாம்.

"முதுகைக் காட்டினா அழுறானா சிரிக்கிறானான்னு எப்படி சேர் தெரியும்?" என்று கேட்டான் சுதேஷ்.

"அது ஒங்க பிரச்சினை தம்பி. சூரியன் என் பிரச்சினை."

சுதேஷுக்கே அழ வேண்டும் போல இருந்தது. வத்தேகமையில் இருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, கண்டியில் ஒரு தனியார் கல்லூரியின் தமிழ்த் துறையில் தற்காலிக விரிவுரையாளராகக் காலம் தள்ளுகிறவன் அவன். தற்காலிகம் என்ற சொல் மட்டும் அவனிடம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. 'திரைப்படமும் ஊடகமும்' என்று ஒரு புதுக் கற்கைநெறி வரப்போகிறது. தமிழ், புவியியல், வணிகம் ஆகிய மூன்று துறைகளும் சேர்ந்து நடத்த வேண்டும். அது நடந்தால் சுதேஷ் அதன் இணைப்பாளர், வேலையும் நிரந்தரம். நடக்காவிட்டால் டிசம்பரோடு அந்தத் தற்காலிகமும் போய்விடும். இந்த இலட்சணத்தில், நிரந்தரமாகிவிட்டது என்று மனைவியிடம் ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தான்.

சில நாட்களுக்கு முன்னர்தான் கல்லூரி அதிபர் போன் எடுத்திருந்தார். சாவகச்சேரிக்காரர், அதிகம் பேசமாட்டார்.

"சுதேஷ், புதுக் கோர்ஸுக்கு மூண்டு துறையும் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேணும். வாற கிழமை, வெள்ளிக்கிழமை. நீர்தான் பொறுப்பு."

"எவ்வளவு நீளத்துக்கு சேர்?"

"நீளமோ? எல்லாரும் அதுக்குள்ள வரவேணும், அவ்வளவுதான். ஒருத்தரும் விடுபடக் கூடாது."

அங்கே பிடித்தது சனி. துறைத் தலைவர்கள் மூவரும் அதுவரை கூடப் பிறந்தவர்கள் மாதிரிப் பழகியவர்கள். ஒருவர் கொண்டுவரும் பருப்பு வடையை மூவரும் பிய்த்துத் தின்பார்கள். சினிமா என்ற பேச்சு வந்ததும் மூவருக்குள்ளும் தூங்கிக்கொண்டிருந்த டைரக்டர் விழித்துக்கொண்டார்.

தமிழ்த் துறைத் தலைவி பாலாம்பிகை, காதலன் அழுதாலும் சந்திப் பிழை இல்லாமல் அழ வேண்டும் என்றார். வணிகத் துறைத் தலைவி ஹிதாயா, அக்குறணையில் கடைவைத்துத் தழைத்த குடும்பத்தில் வந்தவர். வேலை வெட்டி இல்லாமல் மலையில் ஏறி அழுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவருடைய கேள்வி.

"மொதல்ல அவனுக்கு ஒரு யாவாரத்தப் புடிச்சிக் குடுங்க சுதேஷ். பொறகு அழட்டும்."

மூவரையும் சமாதானப்படுத்த, ஆளுக்கொரு காட்சியை எடுத்துக்கொள்ளச் சொன்னான் சுதேஷ். சேதுராமன் பருவக்காற்றைப் பற்றி எடுத்துவந்த காட்சியில், காற்று வந்து சேரவே கால் மணி நேரம் ஆனது. ஹிதாயாவின் காட்சியில் காதலி காதலனைப் பார்த்து முதலீடு எங்கே என்று கேட்டாள். பாலாம்பிகையின் காட்சியில் யாரும் எதையும் கேட்கவில்லை, எல்லோரும் சொற்பொழிவு ஆற்றினார்கள்.

மூன்றையும் பாதி பாதியாக வெட்டினான். காற்று வருவதற்கு முன்பே சேதுராமனின் காட்சி முடிந்துவிட்டது. அவர் கன்டீனில் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார். பாலாம்பிகை வடை கொண்டுவருவதை நிறுத்தினார்.

வெட்டாமல் மூன்றையும் காட்டுவதற்கு ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. திரையை மூன்றாகப் பிரித்து, மூன்று காட்சிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டான் சுதேஷ். எதுவும் விளங்கவில்லை. ஆகவே உலகத் தரம் என்று மூவரும் பாராட்டினார்கள். பாராட்டி முடித்த கையோடு, நடுப்பகுதி யாருக்கு என்று கேட்டார்கள்.

சுதேஷ் அதிபரையே பிடித்தான்.

"சேர், யாரு நடுவுல வாறதுன்னு சண்டையா இருக்கு."

"இது ஒரு பிரச்சினையே? வயசுக்கு மூத்த ஆளை நடுவில விடும்."

இதைப் போய் அப்படியே சொன்னான், பாவி. அந்த நிமிடமே நடுப்பகுதிக்கு ஆள் இல்லாமல் போயிற்று. பாலாம்பிகை, ஹிதாயா தன்னைவிட மூத்தவர் என்றார். ஹிதாயா, தான் படிக்கும் காலத்திலேயே பாலாம்பிகை படிப்பித்துக்கொண்டிருந்தார் என்றார். பிறகு இருவரும் ஒற்றுமையாகச் சேதுராமனின் தலைச்சாயத்தைப் பற்றிப் பேசினார்கள். அன்று மாலைக்குள் மூவரும் படத்தில் இருந்து விலகினார்கள். மற்ற இருவரும் நிற்கும் இடத்தில் தன் நிழல்கூட விழாது என்று மூவரும் தனித்தனியே வந்து சுதேஷிடம் சத்தியம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதிபரின் கட்டளை என்பதால் மூவரும் மண்டபத்துக்கு வந்து மூன்று மூலைகளில் உட்கார்ந்தார்கள். சுதேஷ் வெண்திரையை இறக்கி, யன்னல்களை மூடி, விளக்கை அணைத்தான். பென் டிரைவைக் கணினியில் செருகினான். மனைவிக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர வேறொன்றும் அவன் மண்டையில் ஓடவில்லை.

கதவு திறந்தது. புதுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அதிபர் வந்தார். அவருக்குப் பின்னால், கட்டுகஸ்தோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷிஹாப் கமராவும் அதன் முக்காலித் தாங்கியுமாக நுழைந்தார்.

"என்ன சுதேஷ், எல்லாரையும் இருட்டுக்குள்ள இருத்தி வச்சிருக்கிறீர்?" என்றார் அதிபர்.

"படம் பாக்கத்தான் சேர்" என்றான் சுதேஷ்.

ஷிஹாப் தேடிப்பிடித்து விளக்கைப் போட்டார். மூன்று மூலைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எடுக்காத படத்த எப்படிப் பாக்குறது சேர்? அவங்க மூணு பேரும் தோளோட தோள் ஒட்டி நிண்டு கொஞ்சம் சிரிச்சாங்கண்டா, அதிபர் கேட்ட அந்த ஒரு போட்டோவ ரெண்டே நிமிசத்துல எடுத்துட்டு நான் போயிருவேன்."