எங்கள் சந்தின் மொழிபெயர்ப்பாளர்

உலகில் குடும்ப வன்முறையை நாற்பதே நிமிடத்தில் ஒழித்த பெருமை, தாராவியில் எங்கள் சந்துக்கு மட்டுமே உண்டு. சங்கச் செயலாளர் ஆறுமுகநயினார் என்ற முறையில் இதைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

போலீசும் வக்கீல்களும் ‘பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடி’ முகாம் நடத்த வரப்போவதாகத் தகவல் வந்ததும் நாற்பது நிமிட அவசரக் கூட்டம் போட்டோம். பெண்கள் பயமின்றிப் பேச வேண்டும் என்பதால், அவரவர் கணவரைப் பக்கத்திலேயே உட்கார வைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம். வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் மொழிபெயர்க்கும் சுமையை நானே ஏற்றேன்.

இன்ஸ்பெக்டருக்குச் சால்வை போர்த்தியவர் வரவேற்புக் குழுத் தலைவர் ராஜபாண்டி. கைதட்டல் ஓய்வதற்குள் அவர் மனைவி பேராச்சி, மாவுக்கட்டுப் போட்ட கையோடு பெண் வக்கீல் சாதியா முன்னால் போய் நின்றாள்.

“எங்க வீட்டுக்காரரு அடிக்காரும்மா. போன வாரம் கைய ஒடிச்சிப்போட்டாரு. இனி அந்த வீட்டுக்குப் போனா உசுரோட இருப்பனான்னு தெரியல.”

“ஏட்டி, வீட்டுல பேசிக்கிடுவோம், வா” என்றார் ராஜபாண்டி, மிகுந்த பாசத்தோடு.

சாதியா என்னைப் பார்த்தார். சந்தின் மானமே என் கையில். “குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டாராம். முகாம் ஏற்பாடு பிரமாதம் என்கிறார்” என்று ‘சாரத்தை’ வழங்கினேன்.

இங்கேதான் சங்கம் ஒரு சிறு பிழை செய்திருந்தது. பேராச்சி பன்னிரண்டு வருடமாகத் தையல் பட்டறையில் வடக்கத்திப் பெண்களோடு வேலை பார்க்கிறாள். அவளுக்கு இந்தி தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. அவளிடம் எதையுமே கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

“ஜூட் போல்தா ஹை, மேடம்” என்றாள். நான் பொய் சொல்கிறேனாம். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளே இந்தியில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் குறுக்கிடாததால் வேலை சீக்கிரம் முடிந்தது. ராஜபாண்டியை ஜீப்பில் ஏற்றினார்கள். பேராச்சியைச் சாதியா தன்னோடு அழைத்துப் போனார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

“இவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு யாருடையது?”

“என்னுடையது, சார்.”

“சத்தம் எதுவும் கேட்டதில்லையா?”

என்ன கேள்வி இது? நடுவில் இருப்பது ஒரே ஒரு தகரத் தடுப்பு. எட்டு வருடமாக அவள் அலறும்போதெல்லாம், “பாத்திரம் விழுந்திருக்கும், நீ சாப்பிடு” என்று என் மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் நான்தானே.